குழாய் எதுவும் திறக்காமலே பிரஷர் பம்ப் ஓடுகிறதா? காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

எல்லாக் குழாயும் மூடியிருக்கிறது, வீட்டில் எல்லோரும் படுத்தாயிற்று. ஆனால் சம்ப் பக்கத்தில் இருக்கும் பிரஷர் பம்ப் மட்டும் ‘டக்’ என்று கிளம்பி, நாலைந்து விநாடி ஓடி, நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே ‘டக்’. பகலில் மிக்சி, டிவி சத்தத்தில் இது காதில் விழாது. அதனால் பல வீடுகளில் கோளாறு தொடங்கி மாதக்கணக்கான பிறகுதான் ஒரு ராத்திரி யாராவது கவனிப்பார்கள்.

பெரும்பாலும் அடுத்து நடப்பது இதுதான்: பிளம்பர் வருவார், பிரஷர் சுவிட்சின் மூடியைத் திறந்து நட்டைக் கொஞ்சம் திருகுவார். இல்லையென்றால் சுவிட்சையே மாற்றச் சொல்வார். இரண்டு வாரம் சரியாக இருப்பதுபோல இருக்கும், அப்புறம் பழைய கதை. காரணம், சுவிட்ச் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருக்கிறது. லைனில் அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் பம்பைப் போட வேண்டும், அதைத்தான் அது போடுகிறது. அழுத்தம் ஏன் இறங்குகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

பத்தில் ஒன்பது வீடுகளில் பதில் இரண்டில் ஒன்றாக இருக்கும். தண்ணீர் எங்கோ ஓர் வழியில் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருக்கிறது. அல்லது பிரஷர் டேங்கில் இருக்க வேண்டிய காற்று இல்லை. சில வீடுகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். இவற்றைப் பிரித்துப் பார்ப்பதற்கு ஒரு பக்கெட், ஒரு மக், ஒரு கடிகாரம், ஒரு வால்வு போதும்.

தள்ளிப்போடக் கூடிய வேலை இல்லை இது. மோட்டார் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அது ஓடும்போது இழுப்பதைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட்டை ஒரு கணம் இழுக்கும். நிமிடத்துக்கு ஒரு முறை இப்படிக் கிளம்பினால் முதலில் சுவிட்சின் காண்டாக்ட் கருகும், அடுத்து கெபாசிட்டர் போகும், கடைசியில் காயில். ஐம்பது ரூபாய் வாஷரில் தொடங்கியது ரீவைண்டிங் செலவில் போய் முடியும்.

உங்கள் வீட்டில் இருப்பது எது?

நம் ஊர் வீடுகளில் பொதுவாக மூன்று வகை இருக்கும். பம்புக்குப் பக்கத்தில் உருண்டையாகவோ நீளுருண்டையாகவோ ஓர் இரும்பு டேங்க் இருந்து, கூடவே கறுப்பு மூடி போட்ட பிரஷர் சுவிட்சும் முள் கேஜும் இருந்தால் அது டேங்க் வகை. பெரும்பாலும் 19 அல்லது 24 லிட்டர் டேங்காக இருக்கும். டேங்க் இல்லாமல், பம்பின் வாயிலேயே இரண்டு மூன்று விளக்கும் ஒரு ரீசெட் பட்டனும் உள்ள பெட்டி உட்கார்ந்திருந்தால் அது எலக்ட்ரானிக் கண்ட்ரோலர் வகை. மூன்றாவது, மொட்டை மாடியில் தொட்டிக்குக் கீழே பைப்பிலேயே பொருத்திய சின்ன பூஸ்டர் பம்ப். தண்ணீர் ஓடுவதை உணரும் ஃபுளோ சுவிட்சை வைத்து அது இயங்கும்.

இந்தக் கட்டுரையில் டேங்க் வகைக்குத்தான் அதிக இடம், அதில்தான் கண்டுபிடிக்க வேண்டியவை அதிகம். கசிவைத் தேடும் பகுதி மூன்றுக்கும் பொது. மாடித் தொட்டியை நிரப்பும் மோட்டாரே அடிக்கடி போட்டுக்கொள்கிறது என்றால் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்று. சுவிட்ச் மூடியைத் திறப்பதோ பைப்பைக் கழற்றுவதோ என்றால் எம்சிபியை (அந்த லைனுக்கான சர்க்யூட் பிரேக்கரை) இறக்கிவிடுங்கள். போர்டில் உள்ள சுவிட்சை மட்டும் நம்பாதீர்கள், அது நியூட்ரலை மட்டும் துண்டித்துக்கொண்டிருக்கலாம். இறக்கிய பிறகும் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். பம்ப் இருக்கும் இடம் எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும், செருப்பைப் போட்டுக்கொண்டு நில்லுங்கள். பைப்பைக் கழற்றும் முன் ஏதாவது ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை வடிய விடுங்கள்.

பக்கெட் சோதனை

எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, பம்ப் ஓடி முடித்துத் தானாக நிற்கும்வரை காத்திருங்கள். நின்றவுடன் பக்கத்தில் உள்ள ஒரு குழாயைத் திறந்து பக்கெட்டில் பிடியுங்கள். பம்ப் மறுபடி கிளம்பும் சத்தம் கேட்டதும் மூடிவிடுங்கள். பக்கெட்டில் விழுந்த தண்ணீரை மக்கால் அளந்து பாருங்கள். பம்ப் ஓடாமலே டேங்க் கொடுத்த தண்ணீர் அவ்வளவுதான்.

எவ்வளவு வர வேண்டும்? 24 லிட்டர் டேங்க் என்றதும் 24 லிட்டர் வரும் என்று நினைக்க வேண்டாம். சுவிட்ச் 1.4 பாரில் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) போட்டு 2.8 பாரில் நிறுத்துகிறது, டேங்கில் காற்று 1.2 பார் இருக்கிறது என்றால், கணக்குப்படி சுமார் 8 லிட்டர் வரும். அரை பக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறேழு லிட்டர் வந்தாலும் டேங்க் நன்றாக இருக்கிறது என்றே அர்த்தம், சந்தேகத்தைக் கசிவு பக்கம் திருப்பலாம். ஒரு மக், அரை மக்தான் வந்தது என்றால் டேங்கில் காற்று இல்லை.

அடுத்து கடிகாரம். எல்லாக் குழாயையும் மூடி, பம்ப் நின்றதிலிருந்து தானாக மறுபடி கிளம்பும்வரை எவ்வளவு நேரம் என்று பாருங்கள். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு பார்ப்பது நல்லது. டேங்க் கொடுத்த லிட்டரை இந்த நிமிடங்களால் வகுத்தால் கசிவின் அளவு கைக்கு வந்துவிடும். டேங்க் 8 லிட்டர் கொடுக்கிறது, பம்ப் 40 நிமிடத்துக்கு ஒரு முறை போடுகிறது என்றால் நிமிடத்துக்கு 200 மில்லி எங்கோ போகிறது. ஒரு நாளைக்கு 288 லிட்டர். இது குழாய் வாஷர் சொட்டுவது இல்லை, பெரும்பாலும் ஃபிளஷ் டேங்க் அல்லது நான் ரிட்டர்ன் வால்வ் (தண்ணீரைத் திரும்பி வர விடாத வால்வ்). ஆறேழு மணி நேரத்துக்கு ஒரு முறைதான் போடுகிறது என்றால் ஏதோ ஒரு குழாய் மெல்லச் சொட்டுகிறது, அவ்வளவுதான். அதற்காக ராத்திரி எழுந்து உட்கார வேண்டாம்.

ஒரு குழாயைத் திறந்து விட்டிருக்கும்போது பம்ப் இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு முறை போட்டு நின்று போட்டு நின்று, ஷவரிலும் தண்ணீர் விட்டு விட்டு வந்தால், கடிகாரமே தேவையில்லை. அது காற்று போன டேங்கின் அடையாளம்.

டேங்கில் காற்றைச் சரிபார்ப்பது

தண்ணீரை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். பிரஷர் டேங்குக்குள் ஒரு ரப்பர் பை இருக்கிறது. பைக்குள் தண்ணீர், பைக்கும் இரும்புக்கும் நடுவில் காற்று. பம்ப் ஓடும்போது தண்ணீர் பையை உப்ப வைத்துக் காற்றை அமுக்கும். பம்ப் நின்ற பிறகு அந்தக் காற்றுதான் தண்ணீரைத் தள்ளுகிறது. காற்று போய்விட்டால் லைனில் இருப்பது வெறும் தண்ணீர்தான். அரை டம்ளர் வெளியே போனாலும் அழுத்தம் சடாரென்று இறங்கும், பம்ப் கிளம்பும். கிளம்பிய விநாடியே அழுத்தம் ஏறிவிடும், நின்றுவிடும்.

டேங்கின் ஒரு முனையில் பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைத் திருகி எடுத்தால் உள்ளே பைக் டயரில் இருப்பது போன்ற வால்வ் தெரியும். அதன் நடு ஊசியை நகத்தால் லேசாக அமுக்கிப் பாருங்கள். காற்று ‘புஸ்’ என்று வந்தால் பை பரவாயில்லை. தண்ணீர் வந்தால் பை கிழிந்துவிட்டது, இனி காற்றடித்துப் பயன் இல்லை. ஒன்றுமே வரவில்லையென்றால் காற்று முழுக்க இறங்கியிருக்கிறது, அடித்துப் பார்க்கலாம்.

காற்றழுத்தத்தை அளக்கும் முறையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டேங்கில் தண்ணீர் இருக்கும்போது அளந்தால் கேஜ் காட்டுவது தண்ணீரின் அழுத்தம், காற்றின் சொந்த அழுத்தம் இல்லை. அதனால் முதலில் எம்சிபியை இறக்குங்கள். பம்புக்குத் தண்ணீர் மாடித் தொட்டியிலிருந்து வருகிறது என்றால் அந்த வால்வையும், பைபாஸ் (பம்பைச் சுற்றிப் போகும் பைப்) இருந்தால் அதன் வால்வையும் மூடுங்கள். வீட்டிலேயே தாழ்வாக உள்ள குழாயைத் திறந்து, தண்ணீர் முழுக்க நின்று முள் கேஜ் பூஜ்ஜியத்துக்கு வரும்வரை விடுங்கள். குழாயை மூடாமலே வைத்துக்கொண்டு, டயர் கேஜை வால்வில் வைத்து அளங்கள்.

இருக்க வேண்டிய அளவு, பம்ப் போடும் அழுத்தத்தைவிட சுமார் 0.2 பார் குறைவு. பம்ப் 1.4 பாரில் போடுகிறது என்றால் 1.2 பார். டயர் கேஜில் பிஎஸ்ஐதான் இருக்கும் என்பதால் அதில் சொன்னால் 20 பிஎஸ்ஐயில் போடும் பம்புக்கு 18 பிஎஸ்ஐ. கடையிலிருந்து வரும்போது டேங்கில் பொதுவாக 1.5 அல்லது 2 பார் காற்று இருக்கும். அதை அப்படியே மாட்டிவிட்டுப் போவது நம் ஊரில் சகஜம். பம்ப் போடும் அழுத்தத்தைவிடக் காற்று அதிகமாக இருந்தால் டேங்க் முன்னதாகவே காலியாகி, பம்ப் கிளம்பும் முன் ஒரு கணம் தண்ணீர் நின்றுபோகும். குளிக்கும்போது ஷவர் ஒரு நொடி செத்து மறுபடி வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

காற்றடிக்க பைக், கார் டயருக்கான கால் பம்பு அல்லது காரில் சொருகும் சின்ன கம்ப்ரெஸர் போதும். பழைய சைக்கிள் பம்பின் வாய் இந்த வால்வுக்குப் பொருந்தாது. கொஞ்சம் கொஞ்சமாக அடித்து, அடிக்கடி அளந்து பாருங்கள். முடிந்ததும் வால்வின் மேல் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் ஊசி சரியாக மூடவில்லை, பஞ்சர் கடையில் அதை மாற்றிக்கொடுப்பார்கள்.

அடித்த காற்று ஒரு வாரத்தில் மறுபடி இறங்கிவிட்டால் பை போய்விட்டது. பல 24 லிட்டர் டேங்குகளில் ஒரு முனையில் வட்டமாக போல்ட் போட்ட தகடு இருக்கும். அதைக் கழற்றினால் பையை மட்டும் மாற்றலாம். வாங்கப் போகும்போது பழைய பையையும் தகட்டின் அளவையும் கொண்டு போங்கள், வாய் அகலம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கழற்றும்போது டேங்க் உட்பக்கம் துருப்பிடித்து இரும்பு உதிர்கிறது என்றால் பை வாங்கும் காசை வீணாக்க வேண்டாம், டேங்கையே மாற்றிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை காற்றைப் பார்த்தாலே பை நெடுநாள் வரும். ஆனால் மாட்டிய நாளிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் மூடியைத் திறந்தே பார்க்காத வீடுகள்தான் அதிகம்.

கசிவு எந்தப் பக்கம்?

டேங்க் நன்றாக இருக்கிறது, ஆனாலும் பம்ப் தானாகப் போடுகிறது என்றால் தேட வேண்டிய இடம் பெரிது. அதை ஒரே அடியில் பாதியாக்கிவிடலாம்.

பம்ப் ஓடி நின்றதும் எம்சிபியை இறக்குங்கள். டேங்கிலிருந்து வீட்டுக்குள் போகும் பைப்பில் இருக்கும் வால்வை மூடுங்கள். முள் கேஜ் எதைக் காட்டுகிறது என்று குறித்துக்கொண்டு அரை மணி நேரம் விடுங்கள். முள் அசையவில்லையென்றால் பம்ப் பக்கம் சுத்தம், கசிவு வீட்டுக்குள். முள் இறங்கினால் கசிவு பம்ப் பக்கத்தில். வீட்டுக்குள் ஒரு குழாயைக்கூடத் தொட வேண்டாம்.

இந்தச் சோதனைக்கு கேஜ் வால்வுக்கு முன்னால், டேங்க் பக்கத்தில் இருக்க வேண்டும். கேஜே இல்லையென்றால் ஒன்று வாங்கி மாட்டுங்கள். டேங்க், சுவிட்ச் எல்லாம் சேரும் பித்தளை இணைப்பில் அதற்கென்றே ஒரு துளை இருக்கும், சில வீடுகளில் அதைப் பிளக் போட்டு அடைத்திருப்பார்கள். சக்கரத்தைப் பல சுற்றுத் திருகி மூடும் பழைய கேட் வால்வ் முழுக்க மூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பி மூடும் பால் வால்வாக இருந்தால் முடிவை நம்பலாம்.

பிளம்பர்களை இங்கே குறை சொல்ல முடியாது. அரை மணி நேரம் ஒரு முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார அவர்களுக்கு நேரம் இருக்காது, அடுத்த வீட்டிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் இதை நாமே செய்து வைத்துவிட்டுக் கூப்பிடுவது நல்லது. ‘பம்ப் பக்கம்தான் இறங்குது’ என்று சொன்னால் அவரும் நேராக அங்கே போவார்.

பம்ப் பக்கம் இறங்கினால்

முதல் சந்தேகம் நான் ரிட்டர்ன் வால்வ் மேல். பம்புக்கும் டேங்குக்கும் நடுவில் இருக்கும் இது, போன தண்ணீர் பம்ப் வழியாகத் திரும்பி வராமல் தடுக்க வேண்டும். அதன் வாயில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் போதும், டேங்கில் சேர்ந்த தண்ணீர் மெல்ல சம்புக்கே திரும்பும். ஓசை இல்லாத இரவில் சம்ப் மூடியைத் திறந்து காது கொடுத்துக் கேட்டால் பைப்பில் சலசலப்பு கேட்கும். கசிவு பெரிதாக இருந்தால் பம்ப் நின்ற பிறகு மோட்டாரின் பின்பக்க விசிறி எதிர்ப்பக்கம் சுற்றுவதையும் பார்க்கலாம்.

வால்வைக் கழற்றிப் பார்த்தால் பல சமயம் அகப்படுவது மணல்கூட இல்லை, டெஃப்லான் டேப்பின் நூல்தான். இணைப்பில் டேப் சுற்றும்போது திருகின் முனையைத் தாண்டி விட்டதால் உள்ளே பிய்ந்து வந்து சீட்டில் மாட்டிக்கொள்ளும். எடுத்துவிட்டு, ரப்பரைத் துடைத்து, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று விரலால் அமுக்கிப் பாருங்கள். போர் தண்ணீரில் உப்புப் படிந்து கரடுமுரடாகியிருந்தால் புதிது வாங்குவதே நல்லது. அம்புக்குறி தண்ணீர் போகும் திசையில் இருக்க வேண்டும். டேப்பை இந்த முறை முதல் இரண்டு திருகை விட்டுச் சுற்றச் சொல்லுங்கள்.

சில வீடுகளில் தனியாக நான் ரிட்டர்ன் வால்வே இருக்காது, சம்புக்குள் உறிஞ்சும் பைப்பின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வை மட்டும் நம்பியிருப்பார்கள். அது கசிந்தாலும் இதே தொல்லை. ஃபுட் வால்வைச் சுத்தம் செய்யுங்கள், கூடவே பம்பின் வெளிவாயில் ஒரு நான் ரிட்டர்ன் வால்வும் போட்டுவிடுங்கள்.

அடுத்தது பைபாஸ். மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் எடுக்கும் பிரஷர் பம்பாக இருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் பெரும்பாலோர் கடைசிவரை கண்டுபிடிக்காமல் விடுவது இதைத்தான். கரண்ட் இல்லாதபோதும் சாதாரணமாகத் தண்ணீர் வரட்டும் என்று பம்பைச் சுற்றி ஒரு பைப் போட்டு, நடுவில் ஒரு வால்வோ நான் ரிட்டர்ன் வால்வோ வைத்திருப்பார்கள். அது சரியாக மூடாவிட்டால் பம்ப் அழுத்திய தண்ணீர் அந்த வழியாக மறுபடி மாடித் தொட்டிக்கே போகும். எங்கும் ஈரம் இருக்காது, எந்தக் குழாயும் சொட்டாது, தண்ணீரும் வீணாகாது. பம்ப் மட்டும் போட்டுக்கொண்டே இருக்கும். பைபாஸ் லைனில் யூனியன் (கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு) இருந்தால், தொட்டிப் பக்க வால்வை மூடிவிட்டு யூனியனைக் கழற்றிப் பாருங்கள். பம்ப் பக்கத்திலிருந்து தண்ணீர் வடிந்தால் பிடிபட்டது. யூனியன் இல்லையென்றால் நீள ஸ்குரூ டிரைவரின் முனையை வால்வின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேளுங்கள். உள்ளே தண்ணீர் கசிந்தால் ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் தெளிவாகத் தெரியும்.

பைபாஸ் எங்கே பிரிந்து எங்கே சேர்கிறது என்பதைப் பொறுத்து, அது நீங்கள் மூடிய வால்வுக்கு வீட்டுப் பக்கமாகவும் இருக்கலாம். அதனால் வீட்டுக்குள் கசிவு என்று முடிவு வந்தாலும் பைபாஸை ஒரு முறை பார்த்துவிட்டே உள்ளே போங்கள்.

வீட்டுக்குள் தேடுவது

ஃபிளஷ் டேங்கில் தொடங்குங்கள். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை ஃபிளஷ் டேங்கில் நாலைந்து சொட்டு விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிளாசட்டில் நீலம் தெரிந்தால் தண்ணீர் ஒழுகுகிறது. டேங்கில் தண்ணீர் மட்டம் வழிகுழாயின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் மிதவை வால்வ் நிற்கவில்லை. மட்டம் குறைவாகவே இருந்தும் நீலம் இறங்குகிறது என்றால் அடி ரப்பரில் கோளாறு. புதிதாக பிரஷர் பம்ப் போட்ட வீடுகளில் பழைய மிதவை வால்வுகள் அழுத்தம் தாங்காமல் இப்படிக் கசிவது அதிகம். ஃபிளஷ் டேங்குக்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் காக்கைப் பாதி மூடி வைத்தால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள், ஆகாது. பாதி மூடினால் தண்ணீர் வரும் வேகம்தான் குறையும். ஓட்டம் நின்ற பிறகு வால்வின் மேல் விழும் அழுத்தம் அப்படியேதான் இருக்கும். மிதவை வால்வை மாற்றுவதுதான் வழி.

ஹெல்த் ஃபாசட், வாஷிங் மெஷின் குழாய், தோட்டத்துக் குழாய் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், சட்டென்று பார்த்து முடித்துவிடலாம். ஆர்ஓ இருந்தால் அதன் கழிவு நீர்ப் பைப்பைப் பாருங்கள். டேங்க் நிறைந்த பிறகும் அது வடிந்துகொண்டே இருந்தால் உள்ளே தண்ணீரை நிறுத்தும் வால்வ் போய்விட்டது. கீசரின் சேஃப்டி வால்வ் தண்ணீர் சூடாகும்போது சில சொட்டு விடுவது இயல்பு. ஆஃப் செய்து ஆறிய பிறகும் சொட்டினால் அந்த வால்வை மாற்றுங்கள். எக்காரணம் கொண்டும் அதை அடைத்துவிடாதீர்கள், கீசர் வெடிக்காமல் காப்பதே அதுதான்.

சோலார் வாட்டர் ஹீட்டர் உள்ள வீடுகளில் ஒரு திருட்டு வழி உண்டு. பச்சைத் தண்ணீர் லைன் பிரஷர் பம்பிலிருந்தும், வெந்நீர் லைன் மாடியில் உள்ள சோலார் டேங்கிலிருந்து சாதாரணமாகவும் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாத்ரூமில் ஒரு மிக்சரின் இரண்டு பக்கமும் திறந்திருந்து, தண்ணீரைக் கை ஷவரின் முனையில் மட்டும் நிறுத்தியிருந்தால், பச்சைத் தண்ணீர் அழுத்தத்தில் மிக்சருக்குள்ளேயே கடந்து வெந்நீர் பைப்பில் ஏறி சோலார் டேங்குக்குப் போகும். அங்கே காற்றுக் குழாய் வழியாக மொட்டை மாடியில் வழியும். மிக்சரின் உள் பாகம் தேய்ந்திருந்தாலும் இதேதான். வெந்நீரைத் திறந்தால் ரொம்ப நேரம் பச்சைத் தண்ணீரே வருகிறது, சோலார் காற்றுக் குழாய் பக்கம் எப்போதும் ஈரம் என்றால் ஒவ்வொரு பாத்ரூமாக மிக்சர்களைப் பாருங்கள். வெந்நீர் லைனில் ஒரு நான் ரிட்டர்ன் வால்வ் போட்டால் இந்த வழி அடைபடும்.

கண்ணுக்குத் தெரிந்த எல்லாம் சரி, ஆங்கிள் காக்குகள் அனைத்தையும் மூடியும் முள் இறங்குகிறது என்றால் சுவருக்குள் போகும் பைப்பில் கசிவு. ஒவ்வொரு பாத்ரூமுக்கும் தனி வால்வ் இருந்தால் ஒவ்வொன்றாக மூடி, எதை மூடியபோது முள் நிற்கிறது என்று பாருங்கள். பெயிண்ட் உப்பிய இடம், டைல்ஸ் இடுக்கில் வெள்ளையாகப் பூத்த உப்பு, கீழ்வீட்டு மேற்கூரையில் கறை இவையெல்லாம் அடையாளம். சுவரை உடைப்பதற்கு முன் வால்வ் சோதனையை இன்னொரு தடவை செய்துவிடுங்கள்.

சுவிட்சைச் சந்தேகிக்கும் நேரம்

டேங்க் சரி, கசிவும் இல்லை, ஆனாலும் பம்ப் கிளம்பும்போது ‘டகடக’ என்று வேகமாகத் துடித்தால் இப்போது சுவிட்சைப் பார்க்கலாம். எம்சிபியை இறக்கி மூடியைத் திறங்கள். பல்லி முட்டை, எறும்புக் கூட்டம் இதெல்லாம் உள்ளே இருப்பது சாதாரணம். காண்டாக்ட் நடுவில் எறும்பு நசுங்கிக் கருகியிருந்தால் சுவிட்ச் ஒட்டியும் ஒட்டாமலும் வேலை செய்யும். காண்டாக்ட் குழி விழுந்திருந்தால் உப்புக் காகிதம் போட்டுத் தேய்ப்பது சில நாளைக்குத்தான், புதிது வாங்கிவிடுங்கள். சுவிட்சின் அடியில் தண்ணீர் வரும் சின்னத் துளையையும் பாருங்கள். உப்போ துருவோ அடைத்திருந்தால் அழுத்தம் தாமதமாகத்தான் சுவிட்சுக்குப் போய்ச் சேரும். குண்டூசியால் குத்தி, தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும்.

சுவிட்சுக்கும் டேங்குக்கும் நடுவில் ஃபில்டர் இருந்தால் அதுவும் துடிப்புக்குக் காரணமாகலாம். ஃபில்டர் அடைத்துக்கொண்டதும் பம்ப் பக்கம் அழுத்தம் சட்டென்று ஏறிச் சுவிட்ச் நிறுத்தும், பிறகு இறங்கும், மறுபடி போடும். சுவிட்ச், கேஜ், டேங்க் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஃபில்டர் அவற்றுக்கு அப்புறம் வரட்டும்.

நட்டைத் திருகுவது கடைசி வேலை. பெரிய ஸ்பிரிங்கின் நட்டு போடும் அளவையும் நிறுத்தும் அளவையும் சேர்த்து ஏற்றி இறக்கும். சின்னது இரண்டுக்கும் உள்ள இடைவெளியை மாற்றும். ஒரு தடவைக்கு அரைச் சுற்றுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொரு முறையும் பம்பை ஓட்டி முள்ளைப் பாருங்கள். இடைவெளி 1 பாருக்குக் குறைந்தால் பம்ப் அடிக்கடி போடும். நிறுத்தும் அளவைப் பம்பின் சக்திக்கு மேல் ஏற்றினால் பம்ப் நிற்கவே நிற்காது. 2.8 பார் என்பது கிட்டத்தட்ட 28 மீட்டர் உயரத்துக்குச் சமம். சம்பிலிருந்து எடுக்கும் பம்பின் பெயர்த் தகட்டில் அதிகபட்ச ஹெட் (தண்ணீரை ஏற்றக்கூடிய உயரம்) 25 மீட்டர் என்று இருந்தால் அது 2.8 பாரை எட்டவே முடியாது. போடும் அளவை மாற்றினால் டேங்கின் காற்றையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

டேங்க் இல்லாத வகைகளில்

எலக்ட்ரானிக் கண்ட்ரோலர் பொதுவாக 1.5 பார் அளவுக்கு அழுத்தம் இறங்கினால் போடும், ஓட்டம் நின்று சில விநாடி கழித்து நிறுத்தும். சேர்த்து வைக்க டேங்க் இல்லாததால் ஒரு குழாய் சொட்டினாலே சில நிமிடத்துக்கு ஒரு முறை கிளம்பிவிடும். பம்ப் வாங்கியதிலிருந்தே இப்படித்தான் என்று நிறையப் பேர் சொல்வதற்குக் காரணம் இதுதான். கண்ட்ரோலருக்கு அடுத்துள்ள வால்வை மூடிப் பாருங்கள். அப்போதும் போட்டால் கண்ட்ரோலருக்குள் இருக்கும் வால்வில் அழுக்கு. போடாவிட்டால் கசிவு வீட்டுக்குள், மேலே சொன்னபடி தேடுங்கள். கண்ட்ரோலருக்குப் பிறகு ஒரு சின்ன பிரஷர் டேங்க் சேர்த்தால் போடும் எண்ணிக்கை நன்றாகக் குறையும். ஆனால் கசிவு அப்படியேதான் இருக்கும்.

சம்பில் தண்ணீர் இல்லாமல் நின்ற பம்பைச் சில மாடல்கள் தாங்களாகவே இடைவெளி விட்டு ஓட்டிப் பார்க்கும். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது பம்ப் கிளம்பினால் அது கோளாறு இல்லை, சம்பைப் பாருங்கள்.

மாடியில் உள்ள சின்ன பூஸ்டரில் ஃபுளோ சுவிட்சுக்குள் துரு, மண் சேர்ந்து காந்தம் உள்ள சின்ன மிதவை சிக்கிக்கொள்ளும். கழற்றிக் கழுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். குழாயை மிகக் குறைவாகத் திறக்கும்போது மட்டும் துடிக்கிறது என்றால் அதை விட்டுவிடலாம், அந்த அளவு ஓட்டத்தை அது சரியாக உணராது.

குழாய் திறந்திருக்கும்போதே பம்ப் நின்று, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத் தானாக ஓடினால் கதை வேறு. மோட்டார் சூடாகி உள்ளே உள்ள பாதுகாப்பு அதை நிறுத்துகிறது. வோல்டேஜ் குறைவு, கெபாசிட்டர் பலவீனம், இம்பெல்லர் சிக்கல், காற்றே போகாத அலமாரிக்குள் பம்ப் என்று காரணம் இவற்றில் ஒன்றாக இருக்கும். இதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

மாடித் தொட்டி மோட்டார் அடிக்கடி போட்டால்

இதில் பெரும்பாலும் சென்சாரில்தான் தவறு. தண்ணீர் விழும் இடத்துக்குப் பக்கத்திலேயே சென்சார் தொங்கினால் அலை அடிக்கும்போதெல்லாம் நிறைந்தது, குறைந்தது என்று மாறி மாறிச் சொல்லும். அடியிலும் பக்கத்திலும் துளை போட்ட ஒரு பிவிசி பைப்புக்குள் சென்சாரை இறக்கினால் அலை தொடாது. கம்பி வகைச் சென்சாரில் உப்பும் பச்சைப் பூசணமும் ஏறியிருக்கும், சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். ஒயரில் தொங்கும் மிதவை வகையில், எடைக்கும் மிதவைக்கும் இடையே உள்ள ஒயர் நீளம்தான் எவ்வளவு இறங்கினால் மோட்டார் போட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அது சின்னதாக இருந்தால் இரண்டு பக்கெட் தண்ணீர் எடுத்ததும் மோட்டார் போடும். நீளத்தைக் கூட்டுங்கள்.

சென்சார் சரியாக இருந்தும் ராத்திரியில் தொட்டி மட்டம் தானாக இறங்குகிறது என்றால் மோட்டாரிலிருந்து வரும் பைப் தொட்டிக்குள் எங்கே முடிகிறது என்று பாருங்கள். சத்தம் வராமல் இருக்க அதைத் தண்ணீருக்குள் இறக்கி விட்டிருப்பார்கள். மோட்டார் நின்றதும், ஃபுட் வால்வ் கொஞ்சம் கசிந்தாலும், அந்தப் பைப்பே தொட்டித் தண்ணீரைச் சம்புக்கு இழுத்துக்கொண்டு போகும். பைப்பின் முனையை நிறை மட்டத்துக்கு மேலே வெட்டி விடுங்கள். சத்தம் வேண்டாம் என்றால், நிறை மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டிக்குள் இருக்கும் பைப்பில் ஒரு சின்னத் துளை போடுங்கள். மோட்டார் ஓடும்போது அதில் கொஞ்சம் தண்ணீர் தொட்டிக்குள்ளேயே பீச்சும். நின்றதும் அந்தத் துளை காற்றை உள்ளே விட்டு இழுப்பை அறுத்துவிடும். ஃபுட் வால்வையும் மாற்ற வேண்டியிருக்கும், ஆனால் அதற்காக இன்றைக்கே சம்பை இறைக்க வேண்டியதில்லை.